குண்டர்மானும் காணிக்கைப் பையும்

ஜூன் 9, ஞாயிறு

இன்று கோயிலில் ஒரு பொய் சொன்னேன். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே எல்லாரும் வாராவாரம் "பாவிகளாயிருக்கிறோம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடி இருப்பதால், என் பொய் எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை.

நடந்தது இதுதான். காணிக்கை எடுக்கும்போது ஆர்கன் வாசிப்பது என் வேலை. பைகள் கடைசி வரிசை வரை போய், பீடத்துக்குத் திரும்பி வரும் வரை சங்கீதம் ஓயக் கூடாது. இன்று பெந்தெகொஸ்தே பண்டிகை, நல்ல கூட்டம். நான் வழக்கம்போல என்னுடையதையே வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர் வந்து நின்றார். சென்னையில் மேல்நாட்டு இசை ஆராய்ச்சி செய்கிறவராம். பெயர் டாக்டர் எட்வின் நல்லதம்பி. இங்கே ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்க இரண்டு மாதம் வந்திருக்கிறார்.

"ஆன்ட்டி, காணிக்கைக்கு வாசிச்சீங்களே, அது யாரோட கம்போசிஷன்?"

நான் என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் கமிட்டிச் செயலர் தேவஇரக்கம் நின்றுகொண்டிருந்தார். போன ஈஸ்டருக்கு இதே பாட்டை வாசித்துவிட்டு, நான் எழுதியது என்று பெருமையாகச் சொன்னபோது அவர் கமிட்டியில் வைத்து என்ன சொன்னார் என்பது இன்னும் காதில் இருக்கிறது. "சொந்தச் சரக்கெல்லாம் ஆராதனையில வேண்டாம்மா. வெள்ளக்காரன் நமக்கு எவ்வளவோ எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்லா."

கைப்பையில் என் வீட்டுக்காரரின் வாய்வுக்கான ஹோமியோபதி பாட்டில் இருந்தது. லேபிளில் இருந்த ஜெர்மன் பெயர் கண்ணில் பட்டது. "குண்டர்மான்" என்றேன். போதாக்குறைக்கு, "யோஹான் குண்டர்மான். ஜெர்மன்காரர்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தேவஇரக்கம் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஜூன் 10, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டில் பியானோ படிக்க வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். ஒருத்தி நகம் வளர்த்திருக்கிறாள். வாசிக்கிறாளா தட்டச்சு செய்கிறாளா என்று கண்ணை மூடினால் சொல்ல முடியாது.

சிகாமணியிடம் பொய்யைச் சொன்னேன். சிகாமணி என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் 'அத்தான்', இங்கே மட்டும் சிகாமணி. நாட்குறிப்பு எழுதுவதில் வேறென்ன லாபம்.

"எம் மருந்துக்காரனயா சொன்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்தார், மருந்து தேவைப்படும் அளவுக்குச் சிரித்தார்.

ஜூன் 13, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய காலத்து ஜெர்மானியர்களின் கீபோர்டு சங்கீதத்தில் யார் யாரிடம் கற்றார்கள், யாருடைய பாணி யாருக்குப் போனது என்று புத்தகம் எழுதுகிறாராம். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். காபி ஆறிப்போனது, அவர் கவனிக்கவில்லை.

பிறகு விளக்கினார். பெரிய பாக் இருந்தாரே, இருபது பிள்ளை பெற்றவர். (எழுத எப்படி நேரம் கிடைத்தது என்று அவர் மனைவிமாரைத்தான் கேட்க வேண்டும்.) அவருடைய மகன்களில் ஒருவர் எம்மானுவேல். அப்பா நூல் நூற்பதுபோல அறுபடாமல் வாசித்துக்கொண்டே போவார் என்றால், மகன் பாதியில் வெடுக்கென்று நிறுத்துவார், மூச்சு விடுவார், எதிர்பாராத வேறு சுருதியில் தொடங்குவார். அவருக்குப் பின்னால் வந்த ஹைடன் அவருடைய சொனாட்டாக்களை வாசித்து வாசித்துத்தான் தேறினார். அதை ஹைடனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்கணும்னு ரொம்ப நாளா சந்தேகம் மேடம்" என்றார். ஆன்ட்டி மேடமாகிவிட்டேன். "குண்டர்மான்தான் அந்தப் பாலம். அந்த நிறுத்தம் இருக்கே, ஜி மேஜர்ல போய்ட்டிருக்கறப்ப திடீர்னு ஒரு மௌனம். அதுல ஒரு ஆத்மாவோட தத்தளிப்பே இருக்கு."

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆர்கன் சுவரைப் பார்த்து இருக்கிறது, சபைக்கு என் முதுகு. பை எங்கே வருகிறது என்று தெரிவதற்காகச் சிகாமணி ஒரு பழைய ஸ்கூட்டர் கண்ணாடியை ஆணியடித்து மாட்டிக்கொடுத்தார். எனக்குக் கழுத்துத் தேய்மானம். வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்த முடியாது. ஆகவே ஒரு வரி முடிந்ததும் கையை எடுப்பேன், கண்ணாடியைப் பார்ப்பேன். பை வந்திருந்தால் முடித்துவிடுவேன். கடைசி வரிசையில் யாராவது சில்லறை தேடிக்கொண்டிருந்தால் மறுபடி தொடங்குவேன். வருஷக்கணக்கில் இப்படியே செய்து, அந்த நிறுத்தம் பாட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. வீட்டில் பையும் கிடையாது, சபையும் கிடையாது. ஆனாலும் அந்த இடம் வந்தால் கை தானாக நின்றுவிடும்.

மூலப்பிரதி எங்கே என்று கேட்டார். கரையான் அரித்துவிட்டது, நான் கையால் எழுதி வைத்ததுதான் இருக்கிறது என்றேன். உடனே அவரே, தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி யாராவது பெட்டியில் கொண்டுவந்திருக்கலாம் என்றார். நான் வைத்தது ஒரு செங்கல், கோபுரம் அவர் கட்டியது.

ஜூன் 16, ஞாயிறு

காணிக்கை நேரத்தில் டாக்டர் கண்ணை மூடி லயித்து உட்கார்ந்திருந்தார். பை அவரைத் தாண்டிப் போனது. ஒன்றும் போடவில்லை.

ஜூன் 22, சனி

குண்டர்மானின் வேறு பாட்டுகள் உண்டா என்று டாக்டர் போன் செய்தார். உண்டு, தேட வேண்டும் என்றேன். தேடுவதற்கு முன்னால் எழுத வேண்டுமே.

குக்கர் அடங்கும்வரை ஒன்று, துணி காயும்வரை ஒன்று என்று இரண்டு எழுதினேன். ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நான் எழுதும்போது "இது அதிகப்படியோ, ஐயர் முகம் சுளிப்பாரோ" என்று பத்து முறை யோசிப்பேன். (எங்கள் போதகரை ஐயர் என்போம்.) குண்டர்மான் யோசிப்பதே இல்லை. ஆண்பிள்ளை, அதிலும் ஜெர்மன்காரர், அதிலும் செத்துப்போனவர். யாருக்குப் பயப்பட வேண்டும்? இடது கையை வலது கைக்கு மேலே தூக்கிப்போட்டு வாசிக்கச் சொல்கிறார். வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பாவி மனுஷன் எழுதினது.

ஜூன் 30, ஞாயிறு

கமிட்டி கூடியது. அடுத்த மாதம் இருபதாம் தேதி கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. மாலையில் சங்கீத நிகழ்ச்சி, அது முடிந்ததும் அசனம், அதாவது ஊர் மொத்தத்துக்கும் கறிச்சோறு. சங்கீதத்துக்கு வருகிற கூட்டம் எதற்கு வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நிகழ்ச்சியில் குண்டர்மான் வாசிக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் தேவஇரக்கம். டாக்டர் அவரைப் பேசிப் பேசி நன்றாகக் குளிப்பாட்டியிருக்கிறார்.

"இதுல்லா பாட்டு. எவ்வளவு கம்பீரமா இருக்கு. போன ஈஸ்டருக்கு ஒண்ணு வாசிச்சியளே, இழுவையா, அந்த மாதிரி இல்ல பாத்தியளா?"

அதே பாட்டு. ஒரு சுரம் மாற்றவில்லை. "ஆமாண்ணாச்சி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்து சுண்டவற்றலை வறுக்கிறேன் என்று கரித்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நேராகச் சொல்லக் கூச்சம். முதலில் புதிதாக எழுதிய ஒன்றை, "இது நான் எழுதினது சார்" என்று சொல்லி டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அதைப் பாராட்டுவார், பாராட்டின சூட்டோடு மற்றதும் என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

முழுக்கக் கேட்டார். கனிவாகச் சிரித்தார். பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அது.

"நல்லாருக்கு மேடம். ஆனா குண்டர்மானோட பாதிப்பு ரொம்பத் தெரியுது. அவரை இவ்வளவு வருஷம் வாசிச்சிருக்கீங்க, தப்பு இல்ல. ஆனா அவர் நிறுத்தற இடத்துல ஒரு தவிப்பு இருக்கும். நீங்க நிறுத்தற இடத்துல அது வெறும் நிறுத்தம்தான். அசல் அசல்தான், இல்லையா?"

பிறகு புத்தகத்தின் அச்சுக்குப் போகிற பக்கங்களைக் காட்டினார். குண்டர்மானின் எந்தெந்த வரி ஹைடனிடம் போயிருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். அந்த வரிகளெல்லாம் எனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது பரீட்சைக்காக ஹைடன் சொனாட்டா இரண்டு படித்தேன், விரல் அதை விடவே இல்லை. ஆக, ஹைடனிடம் நான் திருடியதை, ஹைடன் என்னிடம் திருடியதாக இந்த மனிதர் அடிக்குறிப்போடு நிரூபித்திருக்கிறார். ஹைடனுக்கு ஆள் இருந்தால் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் முறுக்கு எடுத்து வைத்தேன். நான்கு தின்றார்.

ஜூலை 7, ஞாயிறு

தோசை மாவு புளித்துவிட்டது. நானும்.

ஜூலை 12, வெள்ளி

பண்டிகை நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. வழவழப்பான தாள். "யோஹான் குண்டர்மான் (1731–1790?)". டாக்டர் அவருக்குப் பிறந்த வருஷமே கொடுத்துவிட்டார். செத்ததில் மட்டும் சந்தேகமாம். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், "ஆர்கன்: திருமதி சிகாமணி". பொன்சீலி என்ற என் பெயரே இல்லை. பிறக்காத ஆளுக்கு முழுப்பெயர், உட்கார்ந்து வாசிக்கிறவள் திருமதி.

சிகாமணி நோட்டீசை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை.

"ஏ சீலி, ஒனக்கு என்ன வேணும்? பேரு வேணுமா, பாட்டு வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான அத்தான்."

"ஒண்ணு இல்ல பாத்துக்கோ. குண்டர்மான்னு இருந்தா ஒம் பாட்டு புஸ்தகத்துல வரும். மெட்ராஸ்ல பிள்ளைங்க வாசிக்கும். நீதான்னு சொன்னா, தேவஇரக்கம் கோயில்லயே வாசிக்க விடமாட்டாரு. அந்த டாக்டரும் கிழிச்சிப் போட்டுட்டுப் போயிருவாரு. அத யோசிச்சிக்கோ."

அவர் சொல்வது சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சல். எனக்கு என் பாட்டு வெளியே போக வேண்டும், என் பெயரோடு போக வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்றால் எதை விடுவது? போய்ச் சேரட்டும், எந்தப் பெயரில் போனால் என்ன என்று காலையில் நினைத்தேன். மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது அழுகையாக வந்தது. யாரும் பார்க்கவில்லை, ஆகவே காரணம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

குற்றாலத்தில் சாரலாம். இங்கே காற்று மட்டும்தான், மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. டாக்டர் போன் செய்தார். குண்டர்மான் அதிகாரம் அடுத்த திங்களன்று அச்சுக்குப் போகிறது. புத்தகத்துக்கே அதுதான் முதுகெலும்பாம். "உங்க பேரை நன்றியுரையில போட்டிருக்கேன் மேடம், பிரதி எடுத்தவர்னு."

பிரதி எடுத்தவர்.

ஜூலை 19, வெள்ளி

அசனத்துக்கு ஆடுகள் வந்து இறங்கிவிட்டன. கோயில் வளாகத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒத்திகை பார்த்தேன். நான் நிறுத்துகிற இடத்தில் சரியாக ஒரு ஆடு கத்தியது. டாக்டர் இல்லாதது நல்லதாகப் போயிற்று, அதற்கும் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. தெரியாது என்று எழுதுவதும் பொய்தான் என்று நினைக்கிறேன். பட்டுச்சேலைக்குப் பொருத்தமான ரவிக்கையைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கு ரவிக்கை பொருத்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஆராதனைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கழுத்துக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாலையில் கோயில் நிரம்பி வழிந்தது. வெளியே அடுப்பில் கறி கொதிக்கிற வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. பாடகர் குழு பாடி முடித்தது. டாக்டர் எழுந்து, பாக் குடும்பம், எம்மானுவேல், ஹைடன், நடுவில் இத்தனை காலம் மறைந்துகிடந்த குண்டர்மான் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். "உலகம் மறந்த ஒரு மேதை, நம்ம பாளையங்கோட்டையில உயிரோட இருக்கார்" என்றபோது எனக்கே புல்லரித்தது. ஒரு விதத்தில் உண்மைதானே. ஐயர் என் பக்கம் கை காட்டினார்.

ஆர்கனுக்குப் போகவில்லை. மைக்குக்குப் போனேன்.

"குண்டர்மான்னு ஒருத்தரும் கிடையாது" என்றேன். "அது எங்க வீட்டு அத்தானுக்கு வாய்வுக்கு வாங்குற மருந்து பேரு. இந்தப் பாட்டு நான் எழுதினது. எம் பேரு பொன்சீலி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்வரிசை வரை பரவியது. ஐயர் வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். தேவஇரக்கம் எழுந்து, "அப்போ வாராவாரம் காணிக்கைக்கு வாசிச்சது பூராவும் உங்க சரக்குதானா? கமிட்டில அனுமதி வாங்கினியளா?" என்றார்.

"வாங்கலண்ணாச்சி. நீங்க கம்பீரமா இருக்குன்னு சொன்னிய. அத அனுமதின்னு எடுத்துக்கிட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் போய் வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. முடித்ததும் கைதட்டினார்கள். எனக்கா, சோறு தயாராகிவிட்டது என்று அடித்த மணிக்கா, தெரியாது. ஐயர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடியது. இரண்டு நிமிஷத்தில் கோயில் காலி.

டாக்டர் மட்டும் முதல் வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மன்னிச்சிருங்க சார்."

"என் புத்தகத்துல ஒரு அதிகாரம் முழுக்க அவர்தான் இருக்கார் ஆன்ட்டி."

பழைய ஆன்ட்டி ஆகிவிட்டேன். "அச்சுக்குப் போறதுக்கு முன்னால சொல்லணும்னுதான் இன்னைக்குச் சொன்னேன்."

"அந்த நிறுத்தம்? அது எப்படி வந்தது?"

ஆர்கன் பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். கடைசி வரிசை தெரிந்திருக்கும். பையைப் பற்றியும் என் கழுத்தைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியையே பார்த்தார்.

"ஆத்மாவோட தத்தளிப்புன்னு எழுதியிருக்கேன்."

"அந்த வரிசையில சில்லறை தேடுறவரும் தத்தளிச்சிக்கிட்டுத்தான் இருப்பாரு."

அவர் சிரிக்கவில்லை. "ஹைடன் மாதிரி வர்ற இடமெல்லாம்?"

"அவர்கிட்ட நான் எடுத்தது. சின்னப்பிள்ளையில படிச்சது."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றார். "அப்ப இதுல உங்களோடதுன்னு எதுவுமே இல்லையே. பாதி ஹைடன், பாதி காணிக்கைப் பை."

வலித்தது. பொய் சொல்லி மாட்டியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. பேரும் போயிற்று, பாட்டும் போயிற்று என்று நினைத்தேன். அவர் வாசல்வரை போனார். அங்கே செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"நிறுத்தறது வரைக்கும் ஜி மேஜர் சுருதி" என்றார், திரும்பிப் பார்க்காமல். "நிறுத்தினதுக்கு அப்புறம் சம்பந்தமே இல்லாம ஈ ஃபிளாட்ல தொடங்குது. ஏன்? பைக்காக நேரம் கடத்தணும்னா, வாசிச்சதையே ஜி-யில திருப்பி வாசிச்சிருக்கலாமே."

"வாசிச்சிருக்கலாம். ஒருத்தரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாவ."

"பின்ன?"

"அது பை இல்ல சார். அது நான்."

செருப்பில் இருந்து காலை எடுத்தார். திரும்பி வந்து, இந்த முறை முதல் வரிசையில் இல்லை, ஆர்கனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

கால்மிதியை அழுத்தி ஆர்கனில் காற்றை நிரப்பினேன். அந்த நேரம் பார்த்துச் சிகாமணி கையெல்லாம் கறி எண்ணெயோடு வந்து, "கறி தீரப்போவுது, வாரியளா ரெண்டு பேரும்?" என்றார். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசித்தேன்.